நாங்கள் என்றால் யார் யார்

ஆற்றங்கரை விடுதி
பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

நான் உயிரோடு, முழுசாக இருக்கிறேன். கீழே வருவதைப் படித்துவிட்டு நீ குதிப்பாய் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன். அப்பா, உன் மனைவி, பாப்பா எல்லோரும் சுகம்தானே?

போன் அடித்து அடித்து ஓய்ந்திருப்பாய். அது ஆற்றில் கிடக்கிறது. படகில் ஏறும்போது படகுக்காரர், "கையக் குடுங்கம்மா" என்றார். கொடுத்தேன். கையில் இருந்தது தண்ணீருக்குள் போய்விட்டது. புதிது வாங்கப் போவதில்லை. மேல்மலையில் எப்படியும் சிக்னல் கிடையாதாம்.

நேற்று இன்னொரு கூத்து. பஸ் கூரையிலிருந்து கண்டக்டர் பைகளைக் கீழே தள்ளினார். நீலப் பை ஒன்று என் காலடியில் விழுந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன். விடுதி அறையில் திறந்து பார்த்தால் பெரிய பெரிய ஆம்பளைச் சட்டைகள், சவர சாமான், தோல் கையுறை, ஒரு சீட்டுக்கட்டு. என் நீலப் பை பஸ்ஸோடு போய்விட்டது. நான் போட்டிருந்த உடுப்போ மழையில் தொப்பல். அதனால் யாரோ ஒருவருடைய கட்டம் போட்ட சட்டையை மாட்டி, கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடுத்த டிப்போவில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்று நீ ஆரம்பிப்பது இங்கே வரை கேட்கிறது. திரும்பி வரமாட்டேன். எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் "மூச்சைப் பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொன்னவள் நான். இப்போது நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன். சேர்த்து வைத்த லீவு அத்தனையும் இதற்குத்தான்.

பதிலை மேல்மலை மர விடுதிக்குப் போடு. தபால் வண்டி கடைசியாக நிற்கிற இடம் அது. பனி உருகிக் கணவாய் திறக்கும் வரை அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருப்பேன். திறந்ததும் தாண்டி மறுபக்கம் இறங்குவேன்.

எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.
அக்கா

வீடு
பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கக் கூட பயமாக இருக்கிறது.

இதுக்குத்தான் சொன்னேன். ஊர் சுற்ற ஆசையென்றால் நாலு பேரோடு டூரிஸ்ட் பஸ்ஸில் போ, டிக்கெட் நான் போட்டுத் தருகிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா? நாற்பத்தெட்டு வயதில், காலேஜ் பிள்ளைகள் மாதிரி முதுகில் பையை மாட்டிக்கொண்டு, இப்போது யாரோ ஒருத்தன் சட்டை வேறு. கேட்கிறவர்களிடம் நீ ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்லிவிடு.

அப்பா உன் பேரையே எடுப்பதில்லை. வருத்தம் போலிருக்கிறது. மாத்திரைப் பெட்டியில் நீ அடுக்கி வைத்தது தீர்ந்துவிட்டது. பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வர நான்தான் போகிறேன். அந்த நேரத்தில் டிரைவிங் ஸ்கூலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சரி, அதெல்லாம் எங்கள் பாடு. உன் பாதுகாப்பு ஒன்றுதான் என் கவலை.

பை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த வண்டியில் ஏறு.

தம்பி

மேல்மலை மர விடுதி
மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. அப்பாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்கு ஒரு முத்தம்.

பை கிடைத்துவிட்டது. நான் ஒரு டிப்போவுக்குப் போனால், "அந்த ஆள் காலைல வந்து, உங்க பையத் தூக்கிட்டு உங்களைத் தேடிப் போயிட்டாரே" என்றார்கள். அவர் போன இடத்துக்கு நான் போனேன். நான் இருந்த இடத்துக்கு அவர் வந்திருக்கிறார். கடைசியில் ஒரு டீக்கடை வாசலில் பார்த்தேன். ஆஜானுபாகுவாக ஒரு மனிதர், தலையில் என்னுடைய ஊதா நிறக் கம்பளித் தொப்பி.

"அது என் தொப்பி" என்றேன்.

"அது என் சட்டை" என்றார்.

கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிரேன் ஓட்டுகிறவராம். மேகத்தைத் தொடுகிற உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து வேலை. பையைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். கதை முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய சங்கதி. மேலே வரும் வழியில் மலை சரிந்து பாதையை மூடிவிட்டது. பஸ் அங்கேயே நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "நடக்கறவங்க நடக்கலாம், திரும்பறவங்க திரும்பலாம்" என்றார். முக்கால்வாசிப் பேர் திரும்பினார்கள். நாங்கள் நடந்தோம். சேற்றில் ஒரு செருப்பு போனது. மழைக்கு ஒரு மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கினோம். கொட்டகைக்காரி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி இடம் கொடுத்தாள். மறுநாள் கயிற்றுப் பாலம். பலகைகள் பல இடத்தில் இல்லை. மேகத்தில் வேலை பார்க்கிறவருக்கு அங்கே கால் நடுங்கியது. "கூண்டுல நாலு பக்கமும் கம்பி இருக்குங்க, இங்க என்ன இருக்கு?" என்றார். நான் முன்னால் போனேன்.

நான் இவ்வளவு சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

பயிற்சி என்று நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. மாத்திரை எடுத்து வைக்கும் பயிற்சியை வேண்டுமானால் நீ எடுத்துக்கொள்.

அக்கா

வீடு
மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம்.

கதை முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலிருந்து நடந்தோம், ஒதுங்கினோம், எங்களை, நாங்கள். பஸ்ஸில் வந்தவர்கள் முக்கால்வாசி திரும்பிவிட்டார்கள் என்று நீயே சொல்கிறாய். அப்படியானால் நாங்கள் என்றால் யார் யார்?

நான் சின்னப் பிள்ளை இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் எழுது. இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு நானே வந்து கூட்டிப் போவேன்.

தம்பி

மேல்மலை மர விடுதி
ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

வண்டியெல்லாம் எடுக்காதே. மலை சரிந்த இடத்தில் இன்னும் பாதை போடவில்லை. தபால் மூட்டையையே ஒரு ஆள் தலையில் தூக்கிக்கொண்டு மண்மேட்டைத் தாண்டி வந்து இந்தப் பக்கத்து வண்டியில் ஏற்றுகிறார்.

பனி இளகத் தொடங்கிவிட்டது. விடுதிக்காரர், "இன்னும் கொஞ்ச நாள்ல கணவாய் தொறந்துரும்" என்கிறார். ஓடையில் துணி துவைக்கக் கற்றுக்கொண்டேன். சீட்டு ஆடவும் கற்றுக்கொண்டேன். நன்றாக ஏமாற்றுகிறேன்.

அக்கா

வீடு
ஏப்ரல் 21

அக்கா,

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பில் அடி. படுத்தே இருக்கிறார். உன்னையேதான் கேட்கிறார். உடனே புறப்பட்டு வா.

தம்பி

வீடு
ஏப்ரல் 24

அன்பு அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்கள் உடம்பு சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் மாமாவும் சேர்த்துத்தான்.

மாமா விழவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போது முன்னறையில் உட்கார்ந்து ரேடியோவைக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். உங்கள் தம்பி உங்களுக்கு அப்படிக் கடிதம் போட்டது எனக்கு இன்று காலையில்தான் தெரியும். "அண்ணி எப்ப வர்றாங்களாம்?" என்று கேட்டேன். "இனிமே வந்துருவா" என்றார். சொன்ன தோரணை எனக்குச் சரியாகப் படவில்லை. துருவிக் கேட்டதும் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் மருந்துக்கடை வேலைக்குப் போய் யாருக்கோ தப்பான மாத்திரையை எடுத்துக் கொடுக்க இருந்தேன். நல்லவேளை, கடைக்காரம்மா பார்த்துவிட்டார்.

அண்ணி, இவர் கெட்டவர் இல்லை. உங்களுக்குத் தெரியும், வளர்த்தது நீங்கள்தானே. நீங்கள் போன பிறகுதான் இந்த வீடு தானாக நடக்கவில்லை என்று இவருக்குத் தெரிந்தது. காலையில் பாப்பாவுக்குத் தலை பின்னுகிறார். பின்னல் காது மேலிருந்து புறப்படுகிறது. நேற்று பால் பொங்கி அடுப்பு அணைந்துபோய், "இதெல்லாம் அக்கா எப்பிடித்தான் செஞ்சாளோ" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை உங்களுக்கு எழுத மட்டும் கை வரவில்லை. மாமாவை விழ வைக்க வந்துவிட்டது.

எனக்கும் சிரமமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் வராதீர்கள். நீங்கள் இப்போது வந்துவிட்டால் நாங்கள் இருவரும் இனி எப்போதும் கற்றுக்கொள்ள மாட்டோம்.

இந்தக் கடிதம் எழுதியதை இன்று இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொல்லிவிடுவேன். ஒளித்து எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை.

உங்கள் அன்புள்ள
தம்பி மனைவி

கீழ்மலை சுகாதார நிலையம்
மே 9

தம்பிக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. சொல்வது நான்தான். எழுதுவது கிரேன்காரர். என் வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டில் இருக்கிறது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கச் சொல்கிறார் இவர். கேட்கமாட்டேன். இந்தத் தடவை கேட்கமாட்டேன்.

உன் கடிதம்தான் முதலில் வந்தது. படித்த கையோடு பையைக் கட்டினேன். வெளியே மழை. "மண்மேடு இன்னைக்கு வேணாம்மா, ஈரம் காயட்டும்" என்று விடுதிக்காரர் சொன்னார். "எங்கப்பா படுத்துக் கிடக்கறாரு, ஈரம் காயற வரைக்கும் நிக்க முடியாது" என்று புறப்பட்டேன். இவரும் பையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். மண்மேட்டின் நடுவில் கால் வழுக்கியது. கையை ஊன்றினேன். உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. எத்தனை பேர் கையைப் படம் எடுத்திருக்கிறேன், அந்தச் சத்தம் இப்படி இருக்கும் என்று தெரியாது.

இங்கே எக்ஸ்ரே எடுத்த பெண், கையை எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே நான் திருப்பி வைத்தேன். (பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி வைத்தார்கள். எழுதுபவர் கூட இருந்து பார்த்தார்.)

அந்த வலியிலும் நான் அப்பாவுக்கு இடுப்பில் எந்த இடம், அறுவை தேவையா, யார் தூக்கி உட்கார வைக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தபால் மூட்டைக்காரர் இங்கே தண்ணீர் குடிக்க வந்தார். என்னைப் பார்த்ததும், "உங்களுக்கு ஒண்ணு இருக்கே" என்று எடுத்துக் கொடுத்தார். உன் மனைவியின் கடிதம்.

படித்து முடித்ததும் அழுகை வரவில்லை. (வந்தது.) எழுதச் சொன்னதை மட்டும் எழுதும்படி இவரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. காய்ச்சலில் என் மடியை விட்டு இறங்கமாட்டாய். அதையெல்லாம் சொல்லிக் காட்ட நான் என்றைக்கும் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்கும் அதற்காக எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைக் கூப்பிட அப்பாவை ஏன்டா தள்ளிவிட்டாய்? "அக்கா, எனக்கு முடியல" என்று ஒரு வரி எழுத உனக்கு என்ன கேடு? எழுதியிருந்தால் வந்திருப்பேனா, தெரியாது. ஆனால் வருவதும் வராததும் என் இஷ்டமாக இருந்திருக்கும். அதை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

நான் வரவில்லை. கை சேர்ந்ததும் மறுபடி மேலே போகிறேன். கணவாயைத் தாண்டுகிறேன். நீ வண்டியில் வந்தாலும், விமானத்தில் வந்தாலும், அழுதுகொண்டு வந்தாலும் சரி.

உன் மனைவியிடம் அவள் கடிதம் கிடைத்தது என்று சொல்.

அக்கா

(ஐயா, உங்களுக்கு என்னைத் தெரியாது. கட்டு நன்றாகப் போட்டிருக்கிறார்கள். விரல்கள் அசைகின்றன. கவலைப்பட வேண்டாம். இதை அவர்களுக்குத் தெரியாமல்தான் சேர்க்கிறேன்.)

வீடு
மே 18

மகளுக்கு,

நான் விழுந்துவிட்டதாக இப்போதுதான் கேள்விப்பட்டேன். உடனே எழுந்து நின்று பார்த்தேன். எனக்கு எதுவும் உடையவில்லை. உனக்கு உடைந்துவிட்டது என்று மருமகள் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். அவனை நன்றாகத் திட்டினேன். நீ திட்டியதை விடக் குறைவுதான்.

உன் பேரை எடுப்பதில்லை என்று அவன் எழுதினானாமே. எடுத்தால் நீ வந்துவிடுவாயோ என்றுதான் எடுக்கவில்லை.

மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். எப்போதுமே எனக்கு முடியும். எடுத்துத் தருவது உனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். மருமகள், அப்படி இல்லை என்கிறாள். கேட்டிருக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்த ஆளின் கையெழுத்து கோடு போட்டது மாதிரி இருக்கிறது. அப்படிப்பட்டவனை நம்பி, நான் வேலை பார்த்த பட்டறையில் லேத் மெஷினில் நிறுத்தலாம். வேறு எதற்கு நம்பலாம் என்பதை நீ பார்த்துக்கொள்.

கட்டுப் பிரித்ததும் மேலே போ. பாதியில் திரும்பி வந்து என் முகத்தில் விழிக்காதே.

அப்பா

வீடு
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. எழுதி எழுதிக் கிழித்தேன்.

எனக்கு முடியவில்லை அக்கா. இந்த வரியை அப்போதே எழுதியிருக்கலாம் என்றாய். எழுத வரவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற என் காலடியில் ஒரு பிரேக். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தாலே நான் அழுத்திவிடுவேன். அதே பழக்கத்தில் உனக்கும் அழுத்திவிட்டேன். உன் வண்டியில் எனக்கு ஒரு பிரேக் இருக்கிறது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

உன் கை முறிந்தது என் கடிதத்தால். அதை எப்படித் திருப்பி எழுதினாலும் மாறவில்லை. மன்னிப்பாயா என்று கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை. வரும்போது கேட்கிறேன்.

பயிற்சி என்று சொன்னவர்களிடமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டேன். "எங்கக்கா பையை மாட்டிக்கிட்டு மலையேறப் போயிருக்கா. தனியா." எதிர்வீட்டுக்காரர், "இந்த வயசுலயா?" என்று இழுத்தார். "ஆமா, இந்த வயசுலதான். உங்களால முடியுமா?" என்று கேட்டேன். இப்போது அவர் என்னிடம் பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

பாப்பாவின் பின்னல் இப்போது காதுக்குக் கீழே இறங்கிவிட்டது.

தனியா என்று சொன்னது சரிதானா என்றும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் அடைப்புக்குறிக்குள் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். அந்த நாலு வரிதான் அன்றைக்கு என்னைத் தூங்க வைத்தது. அவரிடம் என் நன்றியைச் சொல். முன்பு அதட்டிக் கேட்டேன். இப்போது கேட்கிறேன், பிடித்தால் சொல்: அவர் யார், அக்கா?

தம்பி

கணவாய்க்கு மறுபக்கம்
ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

இது என் சொந்தக் கை. எழுத்து கோணலாக இருந்தாலும் என்னுடையது. நலமா? உண்மையாகவே கேட்கிறேன். பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறாயா?

தாண்டிவிட்டோம்.

பாதி ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போட்ட கால் தெரியவில்லை. வழி காட்டும் கல் குவியல்களைத் தவறவிட்டு ஒரு சரிவில் மாட்டிக்கொண்டோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க சொல்லுங்க, நான் கால வெக்கறேன்" என்றார். "மூச்சைப் பிடிங்க. இப்ப விடுங்க. இடது கால்" என்று நான் சொல்லச் சொல்ல ஒவ்வோர் அடியாக வந்தார். மறுபடி கல் குவியல் கையில் தட்டுப்பட்டபோது இரண்டு பேரும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். உச்சியில் மூட்டம் விலகி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது. மணிக்கட்டு வலித்தது. கவலையாக இல்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் விஷயத்தில் பாதி குறைந்துவிட்டது.

லீவு முடிந்ததும் வேலைக்கு வருவேன். வீட்டுக்கு என்று எழுதவில்லை, கவனித்தாயா? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை பார்த்து வைக்கும்படி உன் மனைவிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கதவின் சாவி என்னிடம் மட்டும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவேன். சமைப்பது நீ. அப்பாவோடு உட்கார்ந்து அந்த ரேடியோவை நான் பார்க்க வேண்டும், எனக்கு நேரம் இருக்காது.

அவர் யார் என்று கேட்டாய். இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டதால் ஒழுங்காகச் சொல்கிறேன். பிள்ளை மாதிரி தூங்குவார். சீட்டில் நான் ஏமாற்றுவது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார். கீழே இறங்கியதும் அவருக்கும் வேலை இருக்கிறது, வேறு ஊரில், வேறு உயரத்தில். பிறகு என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கு மேல் எனக்கே இன்னும் தெரியாது. மெதுவாகத் தெரிந்துகொள்ளப் போகிறேன். அதற்கு உன்னிடமோ, அப்பாவிடமோ, எதிர்வீட்டுக்காரரிடமோ நான் லீவு எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

பாப்பாவுக்கு முத்தம். நாளைக் காலையில் கீழே ஆற்றுக்கு இறங்குகிறோம். படகு இருக்கிறதாம், ஓட்டை என்கிறார்கள்.

அக்கா